மூன்று துண்டு அலாய் வீல்: பிரிப்பு, மெருகு, மறுபூட்டு

மூன்று துண்டு வீலில் ஆரக்கால்கள் உள்ள சென்டர் ஒன்று, வெளியே பளபளக்கும் லிப் ஒன்று, உள்ளே பிரேக்கைச் சுற்றி நிற்கும் பேரல் ஒன்று. மூன்றையும் ஒரே வட்ட வரிசைப் போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. பந்தயக் கார்களுக்குத் தோதான அமைப்பு இது: அடிபட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம், அகலத்தையும் ஆஃப்செட்டையும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் சாயும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) பாகம் மாற்றியே கூட்டிக் குறைக்கலாம். 1970இல் ஜெர்மனியின் ஷில்டாக்கில் தொடங்கிய வீல் நிறுவனமான பிபிஎஸ், 1980களில் ஆர்எஸ் வரிசையின் வழியாக இதைச் சாலைக் கார்களுக்கும் பரவலாக்கியது. அந்தக் காலத்து வீல்கள்தான் இன்று அதிகமாகப் பிரித்து வேலை பார்க்கப்படுகின்றன. லாக்கர் உரிந்திருக்கும், லிப்பில் புழு ஊர்ந்தது மாதிரி வெண்கோடுகள் ஓடியிருக்கும், உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் சிலிக்கோன் காய்ந்து வெடித்திருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டது 16 அங்குலச் செட். வீலுக்கு 30 போல்ட், எம்7 (7 மி.மீ. விட்டம்) மரை, லிப்புக்கும் பேரலுக்கும் நடுவே சென்டர் சாண்ட்விச்சாக உட்காரும் வகை. சென்டர் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ பூட்டப்படும் வகைகளிலும் வேலை ஏறக்குறைய இதேதான். போல்ட்டின் நீளமும் அளவும் மாறும்.

எல்லாரும் நேரம் செலவழிப்பது லிப்பின் பாலிஷில். வீல் பிழைப்பதும் கெடுவதும் வேறோர் இடத்தில்: மூன்று துண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமரும் முகங்களில். முதலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். எம்7 போல்ட்டை முறையாக முறுக்கினால் அதில் சுமார் 18 கிலோ நியூட்டன் இழுவிசை ஏறும். பிடிப்பு நீளம் 24 மி.மீ. என்றால், அந்த இழுவிசையில் போல்ட் நீள்வது வெறும் 0.07 மி.மீ. மூன்று துண்டையும் நெருக்கிப் பிடிப்பது இந்த 0.07 மி.மீ.தான். பவுடர் கோட்டிங்கின் தடிமனோ 60 முதல் 100 மைக்ரான். சென்டரின் இரு முகம், லிப்பின் முகம், பேரலின் முகம் நான்கிலும் பவுடர் இருந்தால் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கைத்தான் போல்ட் நசுக்கிக்கொண்டிருக்கிறது. சூட்டிலும் சுமையிலும் அது 20 மைக்ரான் அமுங்கினாலே இழுவிசையில் ஏறக்குறைய கால்பங்கு காணாமல் போகும். பிறகு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும், போல்ட் வளைந்து வளைந்து களைத்து அறும். அழகாகப் பவுடர் அடித்த வீலில் போல்ட் தலை தெறிப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். “போல்ட் சரியில்லை” என்று பழி மட்டும் போல்ட்டின் தலையில் விழும்.

பிரிக்கும் முன்

டயர் கழன்றதும் வீலைக் காரின் ஹப்பிலோ பேலன்சரிலோ மாட்டி, டயல் கேஜ் வைத்து, டயரின் ஓரம் அமரும் இரு பக்க பீட் இருக்கையிலும் ஓட்டம் (சுற்றும்போது எவ்வளவு விலகி ஆடுகிறது என்பது) பார்க்கவும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். 0.5 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வீல். 1 மி.மீ. தாண்டினால் எங்கே வளைந்திருக்கிறது என்பதைப் பிரிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும். பிரித்தபின் தனி லிப்பில் வளைவைத் தேடுவது கடினம். அது மெல்லிய வளையம், தரையில் வைத்தால் வைத்தபடி உட்காரும்.

அடுத்தது அடையாளம். வால்வ் துளை எந்த ஆரக்காலுக்கு நேரே வருகிறது என்று படம் எடுத்துக்கொள்ளவும். மூன்று துண்டிலும் உள்பக்கம் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தவும்: முதல் வீலுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. மார்க்கர் பேனா எழுத்து தின்னரில் போய்விடும், ஒட்டும் சீட்டு அடுப்பில் போய்விடும். புள்ளியை முகத்தின்மேல் குத்தக் கூடாது. குத்தினால் விளிம்பு மேலே எழும்பி முகத்தை ஏந்தி நிற்கும்.

பழைய போல்ட்டுகள் பெரும்பாலும் பூட்டுத் திரவத்தில் (மரை தளராமல் ஒட்டிப் பிடிக்கும் திரவம்) ஊறியவை. 12 முனைத் தலை என்றால் அதற்கேற்ற நல்ல சாக்கெட் தேவை. தேய்ந்த சாக்கெட் ஒரே நெம்பில் தலையை வட்டமாக்கிவிடும். முதலில் தலையின் குழியில் உள்ள அழுக்கைக் குத்தூசியால் தோண்டி எடுக்கவும். பிறகு பெரிய சால்டரிங் அயனின் நுனியைத் தலைமேல் ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் நடுத்தர வலிமைப் பூட்டுத் திரவம் இளகிவிடும். கேஸ் டார்ச் வேண்டாம். அதன் தீ போல்ட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைத்தான் முதலில் சுடும். டி6 பதத்தில் (சூட்டில் முதிர்த்து வலுவாக்கிய நிலை) இருக்கும் உலோகம் அந்த இடத்தில் மென்மையாகிவிடும். இம்பாக்ட் கன்னும் வேண்டாம். பின்னால் நட் உள்ள வகையில் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் துண்டுகள் பிரியாது. பிடித்திருப்பது சிலிக்கோன். உள்பக்கப் பள்ளத்தில் ஓடும் பட்டையை மெல்லிய கத்தியால் முழுச் சுற்றும் அறுத்துவிட்டு, வீலைக் குப்புறக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டவும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் சென்டர் கோணலாகி, உட்காரும் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். ஸ்குரூடிரைவரை இடுக்கில் சொருகி நெம்புபவர்களுக்கு அந்த முகத்தில் விழும் வடு வாழ்நாளுக்கும் லீக்.

சிலிக்கோன் என்ற தொல்லை

பெயின்ட் பற்றி யோசிக்கும் முன் பழைய சிலிக்கோன் முழுவதும் போயாக வேண்டும். இரண்டு காரணங்கள். புதிய சிலிக்கோன் பழையதன்மேல் ஒழுங்காக ஒட்டாது. இன்னொன்று, துளி சிலிக்கோன் போதும், ஸ்ப்ரே செய்த பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி வட்ட வட்டக் குழிகளாக நிற்கும். மணல் வீச்சில் போய்விடும் என்று நினைத்து அப்படியே அனுப்பினால், அது ரப்பர் என்பதால் மணலை எதிர்த்துத் துள்ளும். பரவி மெல்லிய படலமாகவும் படியும்.

பிளாஸ்டிக் சுரண்டி, பிறகு சிலிக்கோன் கரைக்கும் ஜெல், பிறகு கரடுமுரடான நைலான் பேட் என்ற வரிசை போதும். ஜெல்லை அதன் டப்பாவில் சொன்ன நேரம் வரை விடவும். கடைசியில் வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்துப் பார்க்கவும். விரல் வழுக்கினால் இன்னும் இருக்கிறது.

பெயின்ட் உரிப்பதற்கு மெத்திலீன் குளோரைடு கலந்த ஸ்ட்ரிப்பர் வேகமானது. அதன் ஆவி மூடிய அறையில் ஆளைக் கொன்றிருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொது விற்பனைக்குத் தடை உண்டு. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாக வேலை செய்யும்: தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரவு முழுவதும் விட்டால் லாக்கரும் பெயின்ட்டும் தோலாக உரியும். பழைய பவுடர் கோட்டிங்குக்கு இரண்டாம் சுற்று தேவைப்படலாம்.

எல்லாம் உரிந்து வெறும் உலோகம் தெரிந்தவுடன், மணல் வீச்சுக்கும் பாலிஷுக்கும் முன்பாக, விரிசல் சோதனை. இந்த வரிசை மாறக் கூடாது. மணிகள் மோதினாலும் பஃப் சக்கரம் தேய்த்தாலும் மென்மையான அலுமினியம் வழிந்து விரிசலின் வாயை மூடிவிடும். அதற்குப்பின் எந்தச் சாயமும் உள்ளே போகாது. சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊற விட்டு, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கவும் (வீலின்மேல் நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் வெளியேறிவிடும்). பிறகு வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்து 10 நிமிடம் காத்திருக்கவும். பார்க்க வேண்டிய இடங்கள்: பேரலின் உள்விளிம்பு, போல்ட் துளைகளின் சுற்று, ஆரக்கால் சென்டருடன் சேரும் மடிப்பு, லக் நட் இருக்கை. சிவப்புக் கோடு சென்டரிலோ போல்ட் துளையிலோ தெரிந்தால் அந்தத் துண்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். பேரலில் தெரிந்தால் பேரல் மாற்று. மூன்று துண்டு வீலின் பெரிய வசதியே அதுதானே. வெல்டிங் செய்து தருகிறேன் என்பார்கள். 6061 அலுமினியம் டி6 பதத்தில் இருக்கும்போது வெல்ட் செய்தால், பற்றுக்கு அருகே வெப்பம் பட்ட பகுதி தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. லிப்பின் வெளி ஓரத்தில் சின்னச் சிராய்ப்பை நிரப்ப வெல்ட் சரி. பீட் இருக்கையில் வேண்டாம்.

பேரலோ லிப்போ மாற்றும்போது அளவை மாற்றும் ஆசை வரும். கணக்கு எளிது. லிப்பை 1 அங்குலம் அகலப்படுத்தினால் வீலின் அகலம் 25.4 மி.மீ. கூடும், அத்தனையும் வெளிப்பக்கமே தள்ளும், ஆஃப்செட் 12.7 மி.மீ. குறையும். பேரலை 1 அங்குலம் அகலப்படுத்தினால் ஆஃப்செட் 12.7 மி.மீ. கூடும், சஸ்பென்ஷன் பக்கம் 25.4 மி.மீ. இடைவெளி குறையும். அதை அளக்காமல் பாகம் வாங்கக் கூடாது.

சென்டர்

சென்டர் மெக்னீசியமா அலுமினியமா என்பதை முதலில் உறுதி செய்யவும். பந்தய வகைகளில் மெக்னீசியம் உண்டு. மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மோசமாக எரியும். அப்படிப்பட்ட சென்டரை அந்த வேலை தெரிந்த பட்டறையிடம் விட்டுவிடவும். இனி வருவதெல்லாம் அலுமினியத்துக்கு.

மணல் வீச்சுக்கு முன் மறைக்க வேண்டியவை: இரு அமர் முகங்கள், போல்ட் தலை உட்காரும் வட்டங்கள், ஹப்பில் சாயும் பின்முகம், நடுத்துளை, லக் நட் இருக்கைகள். பெயின்ட்டுக்கும் இதே பட்டியல்தான். பவுடர் அடிக்கும் பட்டறைகள் சூடு தாங்கும் டேப்பும் சிலிக்கோன் பிளக்குகளும் வைத்திருக்கும். ஆனால் கேட்காவிட்டால் லக் துளையை மட்டும் அடைத்துவிட்டு மற்ற எல்லா இடத்திலும் அடித்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு தாளில் படம் வரைந்து, மறைக்க வேண்டியதைச் சிவப்பில் தீட்டி, வீலோடு கட்டிக் கொடுப்பது வாய்ச்சொல்லை விடப் பயன்படும். அப்படியும் முகத்தில் பவுடர் ஏறி வந்தால், வழுவழுப்பான கண்ணாடிமேல் 400 உப்புத்தாள் ஒட்டி, சென்டரைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேய்த்து எடுக்கவும். சுழலும் மெஷினால் எடுத்தால் முகம் அலையாகிவிடும்.

பவுடருக்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் சூடு தேவை. வார்ப்பு அலுமினியத்துக்கு டி6 பதம் கொடுக்கும் முதிர்ப்பு வெப்பமே 150 முதல் 180 டிகிரிக்குள்தான். ஒருமுறை குறைந்த நேரம் 200 டிகிரி போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் வார்ப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஒருமுறை, பிரைமருக்கு ஒருமுறை, நிறத்துக்கு ஒருமுறை, மேலே நிறமற்ற கிளியருக்கு ஒருமுறை, நிறம் பிடிக்கவில்லை என்று மறுபடி முதலிலிருந்து எனச் சேர்ந்துகொண்டே போனால் வலிமை குறையத்தான் செய்யும். நிறத்தை முன்பே முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

என் ஓட்டு ஈரப் பெயின்ட்டுக்கு. எபாக்சி பிரைமர் இரண்டு கோட், 600 உப்புத்தாளில் நீர்த்தேய்ப்பு, நிறம் இரண்டு மூன்று கோட் (ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 முதல் 15 நிமிடம்), 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) கிளியர் இரண்டு கோட். மெல்லியது, சூடு தேவையில்லை, கல் தெறித்த இடத்தை மட்டும் சரிசெய்யவும் முடியும். 2கே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லையென்றால் அந்த ஒரு கோட்டை மட்டும் பெயின்ட் பூத்துக்குக் கொடுத்துவிடவும்.

லிப்

பளபளக்கும் பல லிப்புகளின் மேல் அனோடைசிங் படலம் உண்டு. அது அலுமினியம் ஆக்சைடு, பல உப்புத்தாள்களின் துகள் செய்யப்படும் அதே பொருள். அதை நேரடியாகத் தேய்த்தால் தாள்தான் தேயும், லிப்பில் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிற்கும். இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மெதுவாக வைத்துப் பார்க்கவும். மின்சாரம் கடக்கவில்லையென்றால் அனோடைசிங்கோ கிளியரோ இன்னும் இருக்கிறது.

எடுப்பதற்குக் காஸ்டிக் சோடா: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். முழுமுகக் கவசம், நீளமான ரப்பர் கையுறை, திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு இல்லை (வெளியேறுவது ஹைட்ரஜன்). லிப்பை முழுவதும் முக்காமல் பிரஷால் வெளிமுகத்தில் மட்டும் தடவவும். அமர் முகத்தையும் போல்ட் துளைகளையும் சோடா கடித்தால் அளவு போய்விடும். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ், பிறகு திடீரென்று முகம் முழுவதும் சீராக நுரை பொங்கும். அந்த நொடியில் படலம் தீர்ந்து உலோகம் கரையத் தொடங்கிவிட்டது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடவும். மேலே படியும் கரும்பூச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அலுமினியக் கலவையில் இருக்கும் மற்ற உலோகங்கள். எப்படியும் தேய்க்கப்போகிறோம்.

ஓரச் சிராய்ப்புகளை முதலில் அரத்தால். பற்களில் அலுமினியம் அடைக்காமலிருக்க அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளவும். பிறகு 320 உப்புத்தாளில் குழிகள் மறையும்வரை. இங்கேதான் பொறுமை வேண்டும். 320இல் மிஞ்சிய குழி 1500இல் போகாது, பளபளப்பில் இன்னும் துல்லியமாகத் தெரியும். பிறகு 400, 600, 800, 1000, 1500, எல்லாம் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரோடு. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளின் கோட்டுக்குக் குறுக்காக ஓட்டினால், பழைய கோடு எங்கே மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். லிப்பை லேத்திலோ சுழல்மேடையிலோ மாட்டிச் சுற்ற விட்டால் வேலை வேகம். ஆனால் எல்லாக் கோடும் ஒரே திசையில் விழுவதால் மிச்சம் இருப்பது மறைந்துகொள்ளும். அவ்வப்போது நிறுத்திக் கையால் குறுக்கே ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்க்கவும்.

பஃபிங்குக்கு 200 மி.மீ. சக்கரம், 2,800 சுற்று. முதலில் சணல்நார்ச் சக்கரத்தில் பழுப்பு டிரிப்போலி பாலிஷ் கட்டி, அடுத்து தைத்த பருத்திச் சக்கரத்தில் வெள்ளைக் கட்டி. கட்டிகளைச் சக்கரம் மாற்றிப் போடக் கூடாது. லிப் கையில் தொட முடியாத அளவு சூடானால் நிறுத்தவும். அதிகச் சூட்டில் அழுத்தினால் மேல்தோல் இழுபட்டு ஆரஞ்சுத் தோல் போலாகும், திரும்ப 600க்குப் போக வேண்டியதுதான். சக்கரம் எப்போதும் விளிம்பை விட்டு வெளியே ஓடும்படி பிடிக்கவும். விளிம்பை நோக்கி ஓடினால் லிப்பைப் பிடுங்கி எறியும், கூடவே விரலையும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் அலுமினியம் தேய்க்காதீர்கள்: அலுமினியத் தூளும் துருத்தூளும் கலந்தால் தெர்மைட், ஒரு பொறி போதும். மிஞ்சும் கருமெழுகைச் சோள மாவு தூவி மென்துணியால் துடைத்தால் கோடு விழாமல் போகும்.

அதன்மேல் கிளியர் அடிக்கலாமா? அடிக்க வேண்டாம். பாலிஷ் செய்த முகத்தில் கிளியருக்குப் பிடிமானம் இல்லை. கல் பட்ட ஒரு புள்ளியில் ஈரம் நுழைந்து, படலத்துக்கு அடியில் இழை இழையாக அரிக்கும். முதலில் உரித்துப் போட்ட அந்தப் புழுக்கோடுகள் இவைதான். வெற்று உலோகமாக விட்டு மெழுகு போடுவது ஒரு வழி, புதிதாக அனோடைஸ் செய்வது இன்னொன்று. அனோடைஸ் செய்தால் பளபளப்பு ஒரு சொட்டு மங்கும், ஆனால் பராமரிப்பு மிச்சம். லிப்பில் வெல்ட் இருந்தால் நிரப்புக் கம்பி 5356ஆக இருக்க வேண்டும். 4043இல் சிலிக்கன் அதிகம், அனோடைஸ் செய்ததும் அந்த இடம் மட்டும் கருஞ்சாம்பலாகத் தெரியும்.

போல்ட்டுகள்

பழையதைத் திரும்பப் போடக் கூடாது. பளபளப்புக்காகப் பழைய போல்ட்டை மறுபடி குரோம் முலாம் போடுவதும் கூடாது: 10.9, 12.9 என்ற உயர் வலிமைத் தர எஃகை ஆசிட்டில் கழுவி மின்முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்றாவிட்டால், பூட்டிய ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ தலை தானாகத் தெறிக்கும். ஹார்ட்வேர் கடை ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஆகாது. ஏ2-70 என்றால் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 10.9 என்றால் 1,000.

முறுக்குவிசைக்கு வீல் தயாரிப்பாளர் சொல்வதே இறுதி. அது ஏன் அந்த எண் என்று புரிய ஒரு கணக்கு. எம்7 மரையின் தாங்கு பரப்பு 28.9 சதுர மி.மீ. 10.9 தரத்தின் சோதனைச் சுமை சுமார் 24 கிலோ நியூட்டன். அதில் முக்கால்பங்கு 18. உலர்ந்த மரைக்கு முறுக்குக் குணகம் 0.2 என்று கொண்டால் 25 நியூட்டன் மீட்டர் வரும். இப்போது மரையில் எண்ணெய் தடவினால் குணகம் 0.15க்கு இறங்கும், அதே 25 நியூட்டன் மீட்டரில் இழுவிசை 24 கிலோ நியூட்டன், அதாவது போல்ட்டின் எல்லையே. ஆக, தயாரிப்பாளர் சொன்ன எண் உலர்ந்த மரைக்கா, பூட்டுத் திரவம் போட்ட மரைக்கா என்று தெரியாமல் ரெஞ்சைத் தொடக் கூடாது. திரவம் ஈரமாக இருக்கும்வரை எண்ணெய் போலவே வழுக்கும்.

அலுமினியத்திலேயே மரை வெட்டிய பேரல் என்றால், போல்ட் குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே ஏற வேண்டும், எம்7க்கு 10.5 மி.மீ. கை விரலால் முழு நீளமும் ஏறாத துளையில் பழைய திரவத் தூள் இருக்கிறது. மரை வெட்டும் டேப்பை மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்து காற்றடிக்கவும். மரை வழுக்கிய துளைக்குக் கம்பிச்சுருள் இன்சர்ட் போட்டால் பழைய மரையைவிட உறுதி.

பூட்டுதல்

முகங்களை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, முதலில் உலர்வாக அடுக்கிப் பார்க்கவும். சென்டரை பேரலில் வைத்து எதிரெதிர் விளிம்பை அழுத்தினால் ஆடக் கூடாது. ஆடினால் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்கே நுழைகிறது என்று பார்த்து, அங்கே எழும்பிய பிசிறைக் கண்ணாடி ஒட்டிய தாளில் நீக்கவும். உட்காரும் பள்ளம் இறுக்கமாக இருந்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். பேரலை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் 300 மி.மீ. விட்டத்தில் 0.4 மி.மீ. விரியும், சென்டர் தானாக உள்ளே விழும். அப்படி வைத்தபின் முழுவதும் ஆறும்வரை போல்ட் முறுக்கக் கூடாது.

பஞ்ச் புள்ளிகளை நேர்ப்படுத்தி, முதலில் நான்கு திசையில் நான்கு போல்ட் மட்டும் 10 நியூட்டன் மீட்டருக்கு. இப்போதே ஓட்டம் அளக்கவும். பழைய குறிப்பைவிட மோசம் என்றால் முப்பதையும் பூட்டிவிட்டு வருந்துவதைவிட, வால்வ் துளை இல்லாத துண்டை ஒன்றிரண்டு துளை தள்ளி வைத்துப் பார்ப்பது எளிது. லிப்பின் கோணலும் பேரலின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் பெரும்பாலும் கிடைக்கும்.

சரியானதும் ஒவ்வொரு போல்ட்டிலும் நடுத்தர வலிமை நீலத் திரவம் ஒரு சொட்டு, மரையின் நுனியில். மூன்று சுற்று: பாதி, முக்கால், முழு அளவு. எப்போதும் எதிரெதிராக, பிறகு அவற்றுக்கு நடுவே. கடைசியில் வட்டமாக ஒரு சுற்று, எதுவும் நகரக் கூடாது. 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் லக் நட் ரெஞ்ச் இந்த வேலைக்கு உதவாது, 25 அதன் கீழ்க்கோடிக்கும் கீழே. 5 முதல் 50 வரையான சிறிய ரெஞ்ச் வேண்டும். முடித்ததும் தலைக்கும் சென்டருக்கும் குறுக்கே பின்பக்கமாக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடவும். சில மாதம் கழித்து மறுபடி முறுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. திரவம் இறுகியபின் போல்ட்டை அசைத்தால் அந்தப் பூட்டு உடைகிறது. கோடு விலகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். விலகிய போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடவும்.

சிலிக்கோன் முகங்களுக்கு நடுவே போகக் கூடாது, பவுடருக்குச் சொன்ன அதே காரணம்தான். போல்ட் எல்லாம் பூட்டியபின், உள்பக்கம் லிப்பும் பேரலும் சந்திக்கும் பள்ளத்தில் போட வேண்டும். காடி நாற்றம் அடிக்கும் வகை வேண்டாம், அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியதைத் தேடவும். பள்ளத்தைச் சுற்றி இருபுறமும் டேப் ஒட்டி, 6 முதல் 8 மி.மீ. பட்டையை நிறுத்தாமல் ஒரே சுற்றில் போடவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் அழுத்தி இழைத்து, காற்றுக்குமிழ் எதையும் விடாமல், டேப்பை ஈரத்திலேயே உரிக்கவும். தொடங்கிய இடத்தில் 3 செ.மீ. மேலேறி முடிக்க வேண்டும். பாதி லீக்குகள் அந்த இணைப்பில்தான்.

இது காற்றின் ஈரத்தில் இறுகும் பொருள், நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம். உலர்ந்த குளிரில் இன்னும் மெதுவாக. மேலே தோல் பிடித்துவிட்டது என்று நம்பி அன்றே டயர் ஏற்றினால் காற்றழுத்தம் உள்ளிருக்கும் பசையைப் பள்ளத்துக்குள் தள்ளித் துளை போடும். குறைந்தது இரண்டு நாள், தடித்த பட்டை என்றால் மூன்று.

வால்வ் துளை 11.3 மி.மீ. என்றால் ரப்பர் வால்வ், 8.3 என்றால் நட் போட்ட உலோக வால்வ். மாற்றிப் போட முடியாது, பெரிதாகத் துளைக்கவும் கூடாது.

டயர் ஏற்றும்போது மெஷினின் இரும்பு நாக்கு சிலிக்கோன் பட்டைமேல் உரசாமல் பார்க்க வேண்டும். ஏற்றுபவரிடம் பட்டையைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது, சாதாரண வீலில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. பீட் உட்கார 40 பிஎஸ்ஐ தாண்ட வேண்டாம். உட்காராவிட்டால் காற்றை இறக்கிச் சோப்பு தடவி மறுபடி. பிறகு ஓட்டும் அழுத்தத்துக்கு நிரப்பி, வீலைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்து ஐந்து நிமிடம் பார்க்கவும். போல்ட் துளையில் குமிழ் வந்தால் குற்றவாளி அந்தப் போல்ட் இல்லை. பள்ளத்தில் எங்கோ ஒரு ஊசித்துளையில் நுழைந்த காற்று இரு முகங்களுக்கு நடுவே வளைந்து ஓடி, தனக்கு எளிதான துளையில் வெளியே வருகிறது. அந்த இடத்தில் மட்டும் சிலிக்கோன் அப்பினால் குமிழ் அடுத்த துளைக்கு மாறும். டயரைக் கழற்றி, பட்டையை முழுச் சுற்றும் உரித்து, புதிதாகப் போடுவதுதான் வழி.

பேலன்சுக்கு உள்ளே ஒட்டும் எடைதான். கவ்வும் எடை பாலிஷ் லிப்பில் பல் பதிக்கும். காரில் மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின் லக் நட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்கவும், ஹப் முகத்தில் பெயின்ட் துளி இருந்தால் இப்போது தெரியும். கழுவுவதற்குக் கார் ஷாம்பு போதும். அமிலமோ காரமோ உள்ள வீல் கிளீனர் வெற்று லிப்பில் பட்டால் சில நிமிடத்தில் வெண்புகை படர்ந்தது போலாகும், 1000 தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.